ஜோசப் விட்வொர்த்

சர் ஜோசப் விட்வொர்த் (டிசம்பர் 21, 1803 – ஜனவரி 22, 1887) இங்கிலாந்தைச் சேர்ந்த இயந்திரப் பொறியியலாளர், பொறிக்கருவி உற்பத்தியாளர், கொடையாளர் ஆவார். திருகாணிகளின் மரைகளுக்கு ஒரு நாடு முழுவதற்குமான பொது அளவுமுறையை 1841 இல் முன்மொழிந்தவர் இவரே. பிரித்தானிய சீர்தர விட்வொர்த் மரை என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற இம்முறை, உலகில் முதன்முதலாகப் பரவலாக ஏற்கப்பட்ட திருகு மரைச் சீர்தரம் ஆகும். உண்மையான சமதளத்தை உருவாக்கும் முறை, அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவி, அறுகோணக் குழல் கொண்ட துப்பாக்கி, அழுத்தத்தில் வார்க்கப்பட்ட எஃகு ஆகியவையும் இவரது பணிகளுள் அடங்கும்.

பிறப்பும் இளமையும்

விட்வொர்த் இங்கிலாந்தில் அப்போது செசயர் மாவட்டத்தில் இருந்த ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தை சார்லசு விட்வொர்த் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் கிறித்தவச் சபை ஒன்றின் போதகராகவும் இருந்தவர். தாயார் சாரா, ஜோசப்பின் சிறுவயதிலேயே இறந்துவிட்டார். தொடக்கக் கல்வியைத் தந்தையிடமே கற்ற ஜோசப், பன்னிரண்டாம் வயதில் லீட்சு நகருக்கு அருகிலுள்ள ஐடில் என்னும் ஊரில் இருந்த பள்ளிக்கு அனுப்பப்பட்டார். முறையான பள்ளிப் படிப்பு பதினான்காம் வயதுடன் முடிந்தது.

அதன் பின்னர் டார்பிசயரில் நூற்பாலை நடத்திவந்த தாய்மாமனிடம் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். காலப்போக்கில் அவ்வாலையின் பங்காளியாக வேண்டும் என்பதே குடும்பத்தினரின் எண்ணமாக இருந்தது. ஆனால் நூல் வணிகத்தைவிட நூற்கும் இயந்திரங்களே அவரது கருத்தைக் கவர்ந்தன. ஆலையிலிருந்த எந்திரங்கள் எவ்வளவு கரடுமுரடாகச் செய்யப்பட்டிருந்தன என்பதையும் அவர் கண்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்குப் பின் மாமனின் ஆலையை விட்டு மான்செஸ்டர் நகருக்குச் சென்று, இயந்திரப் பட்டறைகளில் சாதாரண வேலையாளாகச் சேர்ந்தார். 1825 இல் பிரான்செசு ஆங்கர்சு என்பவரை மணந்தார். அதே ஆண்டில் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார்.

இலண்டன் பட்டறைகளில்

அக்காலத்தில் நுட்பமான இயந்திர வேலைக்கு இலண்டனின் லாம்பெத் பகுதியில் இருந்த ஹென்றி மௌட்சுலேயின் பட்டறை பெயர் பெற்றிருந்தது. மௌட்சுலே, திருகு மரை வெட்டும் கடைசல் இயந்திரத்தைச் செம்மைப்படுத்தியவர். தம் பட்டறைக்குள் செய்யப்படும் திருகாணிகள் யாவும் ஒரே அளவில் அமையவேண்டும் என்பதில் கருத்துடையவர். அவரிடம் விட்வொர்த் சில ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் கடைசல் இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற ஹோல்ட்சாப்பெல் பட்டறையிலும், அதன் பின் ஜோசப் கிளமெண்ட் என்பவரிடமும் வேலை செய்தார்.

கிளமெண்டின் பட்டறை கணினி வரலாற்றிலும் இடம்பெற்றது. சார்லசு பாபேஜ் வடிவமைத்த வேறுபாட்டுப் பொறியின் பாகங்கள் அங்கேதான் செய்யப்பட்டன. ஒன்றைப்போல் ஒன்றாக ஆயிரக்கணக்கான பாகங்கள் தேவைப்பட்ட அப்பொறி, அக்காலப் பட்டறைகளின் துல்லியத்தை அதன் எல்லை வரை சோதித்தது. கிளமெண்டும் தம் பட்டறைத் திருகாணிகளில் ஒவ்வொரு விட்டத்திற்கும் இத்தனை மரைகள் என்று ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்து வந்தார். ஆகவே ஒரு பட்டறைக்குள் அளவுகள் ஒன்றாக இருப்பதன் பயனை விட்வொர்த் இரண்டு ஆசான்களிடமும் நேரில் கண்டார். அவ்வொழுங்கு ஒரு பட்டறையின் வாசலோடு நின்றுவிட்டதையும் கண்டார்.

1833 இல் அவர் மான்செஸ்டருக்குத் திரும்பினார். போர்ட் தெருவில் நீராவி ஆற்றலுடன் கூடிய ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, தாம் இலண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் என்று பெயர்ப்பலகை வைத்துத் தொழில் தொடங்கினார். பின்னர் அருகிலிருந்த சோர்ல்டன் தெருவில் தொழிற்சாலை விரிவடைந்தது. கடைசல் இயந்திரம், இழைப்பு இயந்திரம், துளைக்கும் இயந்திரம், காடி வெட்டும் இயந்திரம் ஆகியவற்றை அவர் செய்து விற்றார். இழைப்பு இயந்திரத்தில் மேசை முன்னே செல்லும்போதும் பின்னே திரும்பும்போதும் வெட்டும் வகையில் வெட்டுளி தானே திரும்பிக்கொள்ளும் அமைப்பு இவருடையது. மான்செஸ்டர் தெருக்களைத் தூய்மை செய்வதற்குக் குதிரையால் இழுக்கப்படும் பெருக்கு வண்டி ஒன்றையும் 1840களில் உருவாக்கினார்.

உண்மைச் சமதளம்

துல்லியமான இயந்திரம் எதற்கும் அடிப்படை, தட்டையான ஒரு பரப்பாகும். அக்காலத்தில் இரண்டு இரும்புத் தட்டுகளுக்கிடையே உராய்பொடி இட்டுத் தேய்த்தே சமதளம் செய்யப்பட்டது. இம்முறையில் பொடி சில இடங்களில் திரண்டு, உயர்ந்த இடத்தைப் போலவே தாழ்ந்த இடத்தையும் தேய்த்துவிடும். அன்றியும் இரண்டு தட்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினாலும் அவை தட்டையானவை என்று கூற இயலாது. ஒன்று சற்றுக் குவிந்தும் மற்றொன்று அதே அளவு குழிந்தும் இருந்தாலும் அவை பொருந்தவே செய்யும்.

இதற்குத் தீர்வு மூன்று தட்டுகளைப் பயன்படுத்துவதாகும். முதல் தட்டு இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் பொருந்தவேண்டும். ஒரு தட்டு குவிந்திருந்தால் அதனோடு பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். குழிந்த இரண்டும் தம்முள் பொருந்தா. மூன்றும் மாறி மாறிப் பொருந்துவதற்கு ஒரே வழி, மூன்றும் தட்டையாக இருப்பதுதான். ஒரு தட்டின்மேல் மெல்லிய வண்ணம் பூசி மற்றொன்றின்மேல் வைத்தால் உயர்ந்த இடங்களில் வண்ணம் ஒட்டும். அவ்விடங்களை மட்டும் கூர்மையான சுரண்டி கொண்டு கையால் சுரண்டி எடுக்கவேண்டும். இதனை விட்வொர்த் 1840 இல் கிளாஸ்கோவில் நடைபெற்ற பிரித்தானிய அறிவியல் வளர்ச்சிக் கழகக் கூட்டத்தில் விளக்கினார்.

மூன்று தட்டு முறை மௌட்சுலேயின் பட்டறையில் முன்பே வழக்கில் இருந்தது என்ற கருத்தும் உண்டு. எனினும் தேய்ப்பதைக் கைவிட்டுச் சுரண்டும் முறையை வலியுறுத்தியதும், அதனை வெளிப்படையாக எழுதி வெளியிட்டதும் விட்வொர்த்தின் பங்களிப்பாகும். இம்முறையின் சிறப்பு, அளவுகோலோ வேறு மாதிரித் தட்டோ இன்றி, வெறும் மூன்று இரும்புத் தட்டுகளைக் கொண்டே துல்லியத்தைத் தோற்றுவிக்க முடிவதாகும்.

திருகு மரைச் சீர்தரம்

முன்னைய நிலை

திருகாணியின் உடலில் சுற்றிச் செல்லும் புரி பட்டறைகளில் மரை எனப்படுகிறது. ஒரு திருகாணியும் நட்டும் பொருந்துவதற்கு விட்டம் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலான தொலைவும் (புரியிடைத் தூரம்), மரையின் சரிவுக் கோணமும், ஆழமும், முகட்டின் வடிவமும் ஒத்திருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. ஒரு பட்டறையில் செய்த நட்டு மற்றொரு பட்டறையின் திருகாணியில் ஏறாது. இயந்திரம் பழுதடைந்தால் அதைச் செய்த பட்டறைக்கே செல்லவேண்டும். அல்லது புதிய திருகாணியும் நட்டும் இணையாகச் செய்துகொள்ளவேண்டும். புகைவண்டிப் பாதைகள் நாடெங்கும் பரவத் தொடங்கியபோது இக்குறை பெரும் செலவாக மாறியது. ஓரிடத்தில் செய்த பொறி நூறு மைல்களுக்கு அப்பால் பழுது நீக்கப்படவேண்டியிருந்தது.

மாதிரிகளின் திரட்டு

விட்வொர்த் இங்கிலாந்தின் முக்கியமான பட்டறைகள் பலவற்றிலிருந்து திருகாணிகளைத் திரட்டி, அவற்றின் மரைகளை அளந்து ஒப்பிட்டார். எது மிகச் சிறந்த மரை என்பதைக் கணக்கிட்டு நிறுவ அவர் முயலவில்லை. வலிமை, நீடித்த உழைப்பு, உராய்வு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பாதிப்பதால், ஒரு விட்டத்திற்கு இதுவே சரியான மரை என்று கணிதத்தால் நிறுவ இயலாது என்பதை உணர்ந்திருந்தார். ஆகவே ஏற்கனவே வழக்கிலிருந்த அளவுகளின் சராசரியைக் கண்டு, அதையே பொது அளவாக முன்மொழிந்தார். 1841 இல் இலண்டனில் உள்ள குடிசார் பொறியாளர் கழகத்தில் படிக்கப்பட்ட கட்டுரையில் இம்முறை வெளியிடப்பட்டது.

இத்தேர்வே அம்முறையின் வெற்றிக்குக் காரணம் எனலாம். புதிதாக ஒரு வடிவத்தைக் கொணர்ந்திருந்தால் எல்லாப் பட்டறைகளும் தம் கருவிகளை முற்றிலும் மாற்றவேண்டியிருந்திருக்கும். சராசரி அளவு எந்தப் பட்டறையின் வழக்கத்திலிருந்தும் வெகுதொலைவில் இல்லை. எந்தப் பட்டறையின் தனி அளவும் வென்றதாகவும் ஆகவில்லை. அட்டவணை அச்சில் வெளிவந்தமையால் அதைக் கொண்டு யாரும் திருகாணி செய்ய முடிந்தது.

மரையின் வடிவம்

திரட்டிய மாதிரிகளின் சராசரிக் கோணம் 55 பாகையாக இருந்தது. அதையே விட்வொர்த் எல்லா விட்டங்களுக்கும் பொதுவாகக் கொண்டார். மரையின் குறுக்குவெட்டு ஒரு முக்கோணம். அம்முக்கோணத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு முகட்டிலும் ஆறில் ஒரு பங்கு அடியிலும் நீக்கப்பட்டு வளைவாக்கப்படும். அடி வளைவாக இருப்பதால் கூரிய மூலையில் தகைவு குவிந்து விரிசல் தோன்றுவது குறைகிறது. முகடு வளைவாக இருப்பதால் கையாளும்போது எளிதில் நசுங்குவதில்லை.

இவ்வடிவத்தில் முழு முக்கோணத்தின் உயரம் புரியிடைத் தூரத்தின் 0.9605 மடங்கும், மரையின் ஆழம் 0.6403 மடங்கும், வளைவின் ஆரம் 0.1373 மடங்கும் ஆகும். எடுத்துக்காட்டாக, 1 அங்குலத் திருகாணியில் ஓர் அங்குல நீளத்திற்கு 8 மரைகள் உள்ளன. புரியிடைத் தூரம் 0.125 அங்குலம், மரையின் ஆழம் ஏறத்தாழ 0.080 அங்குலம். இரு பக்க ஆழத்தையும் விட்டத்திலிருந்து கழித்தால் மரையின் அடி விட்டம் சுமார் 0.84 அங்குலம் எனக் கிடைக்கிறது. நட்டில் மரை இடுவதற்கு முன் போடவேண்டிய துளையின் அளவை முடிவு செய்ய இவ்வெண்ணே அடிப்படையாகும்.

அளவுகள்

விட்வொர்த் முறையில் பரவலாகப் பயன்பட்ட விட்டங்களும், ஓர் அங்குல நீளத்திற்கான மரைகளின் எண்ணிக்கையும் பின்வருமாறு:

1/4 அங்குலம் – 20
5/16 அங்குலம் – 18
3/8 அங்குலம் – 16
7/16 அங்குலம் – 14
1/2 அங்குலம் – 12
5/8 அங்குலம் – 11
3/4 அங்குலம் – 10
7/8 அங்குலம் – 9
1 அங்குலம் – 8

விட்டம் கூடக்கூட மரைகளின் எண்ணிக்கை குறைவதை இங்குக் காணலாம். பெரிய திருகாணிக்கு ஆழமான, பருத்த மரை தேவைப்படுவதே காரணம்.

பரவல்

புகைவண்டி நிறுவனங்களும் பொறி உற்பத்தியாளர்களும் இம்முறையை அடுத்தடுத்து ஏற்றனர். விட்வொர்த்தின் தொழிற்சாலையே மரை வெட்டும் கருவிகளையும் அளவிகளையும் செய்து விற்றதால், புதிய முறைக்கு மாறுவது பட்டறைகளுக்கு எளிதாயிற்று. கிரிமியப் போரின்போது (1853–1856) பிரித்தானியக் கடற்படைக்குப் பீரங்கிப் படகுகள் விரைந்து தேவைப்பட்டன. ஜான் பென் என்னும் பொறியாளர் மாதிரிப் பொறியின் பாகங்களைப் பல பட்டறைகளுக்குப் பிரித்தளித்து, 90 படகுகளுக்கான நீராவிப் பொறிகளை 90 நாட்களில் செய்து முடித்தார் என்பது இம்முறையின் பயனுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதுண்டு. 1860களில் பிரித்தானியா முழுவதும் விட்வொர்த் மரையே வழக்கமாகிவிட்டது. பிரித்தானியப் பொறிகள் ஏற்றுமதியான நாடுகளுக்கும், இந்தியா உள்ளிட்ட குடியேற்ற நாடுகளுக்கும் அம்மரையும் உடன் சென்றது.

அளவீட்டுத் துல்லியம்

அக்காலத் தொழிலாளர்கள் அளவுகோலின் கோடுகளைக் கண்ணால் பார்த்தே அளந்தனர். ஒன்றுக்கொன்று இணையான இரு முனைகளுக்கிடையே பொருளை வைத்து, தொடு உணர்வால் அளப்பது இதைவிட மிகத் துல்லியமானது என்பது விட்வொர்த்தின் கொள்கை. உண்மைச் சமதளம், துல்லியமான திருகு ஆகிய இரண்டையும் இணைத்து அவர் செய்த அளவுப்பொறி, அங்குலத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டவல்லது. ஒரு மெல்லிய உலோகத் தட்டு இரு முனைகளுக்கிடையே விழாமல் நிற்கும் நிலைக்கும், தன் எடையால் நழுவி விழும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு அளவு முடிவு செய்யப்பட்டது.

இப்பொறியும் அவரது பிற இயந்திரக் கருவிகளும் 1851 இல் இலண்டன் ஹைடு பூங்காவில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. அக்கண்காட்சிக்குப் பின் அவர் தம் காலத்தின் முதன்மையான பொறிக்கருவி உற்பத்தியாளராக அறியப்பட்டார். 1856 இல் இயந்திரப் பொறியாளர் கழகத்தின் தலைவரானார். 1866 இல் மீண்டும் அப்பொறுப்பை வகித்தார். 1857 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்கப் பயணம்

1853 இல் நியூயார்க்கில் நடந்த தொழிற்கண்காட்சிக்குப் பிரித்தானிய அரசு அனுப்பிய ஆணையர்களுள் விட்வொர்த்தும் ஒருவர். அவரும் ஜார்ஜ் வாலிசு என்பவரும் அமெரிக்கத் தொழிற்சாலைகளைப் பார்வையிட்டு அளித்த அறிக்கைகள் 1854 இல் வெளியாயின. தனித்தனி வேலைகளுக்கெனச் செய்யப்பட்ட சிறப்பு இயந்திரங்களையும், தொழிலாளர்கள் புதிய இயந்திரங்களைத் தயக்கமின்றி வரவேற்றதையும், பரவலான கல்வியையும் அவை எடுத்துக்காட்டின. பிரித்தானியாவில் படைக்கலத் தொழிற்சாலைகளை இயந்திரமயமாக்கும் முயற்சிக்கு இவ்வறிக்கைகளும் துணைபுரிந்தன.

துப்பாக்கியும் பீரங்கியும்

1854 இல் அரசின் படைக்கல வாரியம், என்பீல்டு துப்பாக்கிகளைச் செய்வதற்கான இயந்திரங்களை வடிவமைக்குமாறு விட்வொர்த்தைக் கேட்டது. துப்பாக்கிக் குழலின் எவ்வடிவம் சிறந்தது என்பதை ஆராயாமல் இயந்திரம் செய்ய அவர் விரும்பவில்லை. மான்செஸ்டரில் இருந்த அவரது வீட்டு வளாகத்தில் 500 கெசம் நீளமுள்ள மூடிய சோதனைக் கூடம் ஒன்று அரசுச் செலவில் அமைக்கப்பட்டது. பலவகைக் குழல்களைச் சோதித்து, 0.451 அங்குலத் துளையும், அறுகோண வடிவமும், 20 அங்குலத்திற்கு ஒரு முழுச் சுற்று என்னும் விரைவான முறுக்கும் கொண்ட துப்பாக்கியை உருவாக்கினார். என்பீல்டின் துளை 0.577 அங்குலம், அதில் ஒரு முழுச் சுற்றுக்கு 78 அங்குலம் ஆகும்.

1857 இல் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் 500 கெசத் தொலைவில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடியாகவும், விட்வொர்த் துப்பாக்கியின் விலகல் 0.37 அடியாகவும் இருந்தன. ஆயினும் படைத்துறை அதை ஏற்கவில்லை. துளை சிறியது, வெடிமருந்துக் கசடு விரைவில் படிகிறது, விலை மிகுதி என்பன கூறப்பட்ட காரணங்களாகும். போட்டிச் சுடுநர்கள் இத்துப்பாக்கியை விரும்பினர். 1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசிய துப்பாக்கிக் கழகத்தின் முதல் போட்டியை, தாங்கியில் பொருத்தப்பட்ட விட்வொர்த் துப்பாக்கியால் சுட்டு விக்டோரியா அரசியார் தொடங்கிவைத்தார். 400 கெசத் தொலைவிலிருந்த இலக்கின் நடுவில் குண்டு பாய்ந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் குறிச்சுடுநர்கள் இத்துப்பாக்கிகளைப் பயன்படுத்தினர். 1864 மே 9 அன்று இசுபாட்சில்வேனியாவில் வடபடைத் தளபதி ஜான் செட்ஜ்விக் கொல்லப்பட்டது இத்துப்பாக்கியால் என்று கூறப்படுகிறது.

பீரங்கிகளிலும் விட்வொர்த் அறுகோணக் குழலையே கையாண்டார். இத்துறையில் அவருக்குப் போட்டியாளராக இருந்தவர் நியூகாசிலைச் சேர்ந்த வில்லியம் ஆம்சுட்ராங். இருவரது பீரங்கிகளும் 1860களில் அரசுக் குழுவால் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டன. ஆனால் விட்வொர்த்தின் பீரங்கிகள் பிரித்தானியப் படையின் பொது வழக்கிற்கு வரவில்லை. தாம் சரியெனக் கண்ட வடிவத்தை அதிகாரிகளின் விருப்பத்திற்காக மாற்ற அவர் இசையாதது இத்தோல்விக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. திருகு மரையில் எல்லோருடைய வழக்கத்திற்கும் இடமளித்த சராசரியால் நாட்டையே இணங்கவைத்தவர், படைக்கலத்தில் தம் சோதனை முடிவிலிருந்து சிறிதும் விலகாமல் தனித்து நின்றார்.

அழுத்த எஃகு

பீரங்கிக் குழல்கள் வெடிப்பதற்கு, வார்க்கும்போது எஃகினுள் சிக்கும் வளிக்குமிழ்கள் காரணமாக இருந்தன. உருகிய எஃகு உறையும்போதே நீரியல் அழுத்தியால் அதனை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தினால் குமிழ்கள் நீங்கி அடர்த்தியான எஃகு கிடைக்கும் என்பதை விட்வொர்த் கண்டார். இம்முறைக்கு 1874 இல் காப்புரிமை பெற்றார். பீரங்கிக் குழல்களுக்கும் கப்பல்களின் சுழல் தண்டுகளுக்கும் இவ்வெஃகு பயன்பட்டது. இதற்கென மான்செஸ்டரின் ஓப்பன்ஷா பகுதியில் 1880 இல் புதிய தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1874 இல் தமது தொழிலை வரையறுக்கப்பட்ட நிறுவனமாக மாற்றியபோது, தொழிலாளர்களும் பங்குகள் வாங்க வழிசெய்தார்.

விட்வொர்த் உதவித்தொகை

கைத்திறனும் அறிவியல் கல்வியும் ஒருவரிடமே சேரவேண்டும் என்பது விட்வொர்த்தின் நீண்டநாள் கருத்தாகும். 1868 இல், ஆண்டுக்கு 100 பவுண்டு வீதம் 30 உதவித்தொகைகளை அளிக்கும் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். போட்டியாளர்கள் கணிதம், இயக்கவியல் முதலிய பாடங்களோடு கருவிகளைக் கையாளும் திறனிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்று விதிக்கப்பட்டது. பட்டறைத் தொழிலாளர்களும் உயர்கல்வி பெற இது வழிவகுத்தது. இவ்வுதவித்தொகை இன்று இயந்திரப் பொறியாளர் கழகத்தால் நிர்வகிக்கப்படுகிறது. தொழிற்பயிற்சி வழியாக வந்து பட்டப்படிப்பை நாடும் பொறியாளர்களுக்கு இது வழங்கப்படுகிறது.

இறுதிக் காலம்

1869 இல் விட்வொர்த்துக்குப் பாரோனெட் பட்டம் வழங்கப்பட்டது. முதல் மனைவி பிரான்செசு 1870 இல் இறந்தார். 1871 இல் மேரி லூயிசா ஓரெல் என்பவரை மணந்து, டார்பிசயரின் டார்லி டேல் பகுதியில் இருந்த தமது இசுடான்கிளிப் மாளிகையில் வாழ்ந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. முதுமையில் உடல்நலம் கருதிக் குளிர்காலங்களை மத்தியதரைக் கடற்கரையில் கழித்தார். ஜனவரி 22, 1887 அன்று மொண்டி கார்லோவில் காலமானார். அவரது உடல் டார்லி டேல் புனித எலன் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் இறந்து பத்தாண்டுகளுக்குப் பின், 1897 இல், அவரது நிறுவனம் பழைய போட்டியாளரான ஆம்சுட்ராங்கின் நிறுவனத்துடன் இணைந்து ஆம்சுட்ராங் விட்வொர்த் என்னும் பெயர் பெற்றது.

விட்வொர்த் மரையின் பிற்கால வரலாறு

1864 இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்சு என்னும் பொறியாளர் மற்றொரு மரை வடிவத்தை முன்மொழிந்தார். அதன் கோணம் 60 பாகை. முகடும் அடியும் தட்டையானவை. 60 பாகைக் கோணத்தைச் சமபக்க முக்கோணத்திலிருந்து எளிதில் பெறலாம். 55 பாகையை வரைவதும் சரிபார்ப்பதும் கடினம். விட்வொர்த்தின் வளைவான முகட்டையும் அடியையும் சரியாக வெட்டுவதற்குச் சிறப்பு வெட்டுளிகள் தேவைப்பட்டன. செல்லர்சின் மரையை சாதாரணத் தொழிலாளியும் வெட்ட முடிந்தது. பெரும்பாலான விட்டங்களில் மரைகளின் எண்ணிக்கை இரு முறைகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஆனால் 1/2 அங்குலத்தில் விட்வொர்த் முறையில் 12, செல்லர்சு முறையில் 13 என அமைந்தது. இதனால் ஆங்கிலம் பேசும் இரு தொழில் வல்லரசுகளின் திருகாணிகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் பொருந்தாமல் இருந்தன.

இரண்டாம் உலகப் போரில் இதன் விளைவு வெளிப்பட்டது. பிரித்தானிய மெர்லின் வானூர்திப் பொறியை அமெரிக்காவில் செய்த பக்கார்டு நிறுவனம், பிரித்தானிய மரைகளை வெட்டுவதற்கான கருவிகளைத் தானே செய்துகொள்ளவேண்டியிருந்தது. ஒரு படையின் ஊர்திக்கு மற்றொரு படையின் திருகாணி பொருந்தவில்லை. போருக்குப் பின், 1948 நவம்பர் 18 அன்று அமெரிக்கா, பிரித்தானியா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 பாகைக் கோணமுடைய ஒருங்கிணைந்த அங்குல மரையை ஏற்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. 1965 இல் பிரித்தானிய சீர்தர நிறுவனம் விட்வொர்த் மரையைப் புதிய வடிவமைப்புகளில் தவிர்த்து, பன்னாட்டு மெட்ரிக் மரைக்கு மாறுமாறு அறிவுறுத்தியது.

எனினும் அம்மரை மறைந்துவிடவில்லை. தண்ணீர்க் குழாய்களின் மரை இன்றும் விட்வொர்த்தின் 55 பாகை வடிவத்தையே கொண்டுள்ளது. பன்னாட்டுச் சீர்தரங்களும் இந்தியச் சீர்தரமும் இதனை ஏற்றுள்ளன. தமிழ்நாட்டின் வீடுகளில் பயன்படும் அரை அங்குல இரும்புக் குழாயில் ஓர் அங்குலத்திற்கு 14 மரைகளும், ஓர் அங்குலக் குழாயில் 11 மரைகளும் இருப்பது இம்முறையின்படியே. இங்கு அரை அங்குலம் என்பது குழாயின் வெளிவிட்டம் அன்று. அதன் மரையின் வெளிவிட்டம் 20.955 மில்லிமீட்டர் ஆகும். ஒளிப்படக் கருவிகளை முக்காலியில் பொருத்தும் 1/4 அங்குலத் திருகும் விட்வொர்த் அளவிலிருந்து வந்ததே. பிற்காலச் சீர்தரத்தில் அதன் கோணம் 60 பாகையாக மாறினாலும், அங்குலத்திற்கு 20 மரைகள் என்பது மாறவில்லை.

பழைய பிரித்தானிய ஊர்திகள், நீராவிப் பொறிகள், கடைசல் இயந்திரங்கள் ஆகியவற்றைச் சீர்செய்வோருக்கு விட்வொர்த் அட்டவணை இன்றியமையாதது. இவற்றுக்கான ஸ்பானர்களில் பொறிக்கப்பட்டிருக்கும் எண் நட்டின் அகலத்தைக் குறிப்பதன்று. திருகாணியின் விட்டத்தைக் குறிப்பதாகும். இதனை அறியாதோர் அளவு தவறி நட்டின் மூலைகளை மழுக்கிவிடுவதுண்டு. பட்டறைச் சுவர்களிலும் கையேடுகளிலும் இருந்த மரை அட்டவணைகள் இக்காலத்தில் கட்டற்ற மென்பொருள்களாகவும் கிடைக்கின்றன. விட்டத்தையும் மரை வகையையும் தெரிவு செய்தால் ஆழம், அடி விட்டம், துளையின் அளவு ஆகியவற்றை அவை கணக்கிட்டுத் தருகின்றன. மெட்ரிக் மரைகளுக்கு அருகே விட்வொர்த் என்னும் பெயரும் அவற்றின் பட்டியலில் இடம்பெறுகிறது.

நினைவு

விட்வொர்த்தின் செல்வத்தின் பெரும்பகுதி, அவரது விருப்ப ஆவணத்தின்படி அமைந்த பொறுப்பாளர்களால் பொதுப்பணிகளுக்குச் செலவிடப்பட்டது. மான்செஸ்டரில் 1889 இல் நிறுவப்பட்ட விட்வொர்த் கலைக்கூடம் 1958 முதல் அந்நகரப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக உள்ளது. பொறுப்பாளர்களுள் ஒருவரான ரிச்சர்டு காப்லி கிறிசுட்டியின் பெயரைத் தாங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் அக்கொடையின் பயனாகத் தோன்றியதே. விட்வொர்த் பூங்கா, பல்கலைக்கழகத்தின் விட்வொர்த் மண்டபம், விட்வொர்த் தெரு ஆகியவை மான்செஸ்டரிலும், விட்வொர்த் நிலையம் டார்லி டேலிலும் அவர் பெயரைத் தாங்கியுள்ளன.